மடைக்காரர் சொல்லாதது

என் அண்ணனுக்கு வேலை செய்யும் இடத்தில் மேஸ்திரி என்று பெயர். ஒரு செங்கல்லைக்கூட அவன் கையால் தொட்டதில்லை. சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிப்பான். ஆனால் ஊர் கட்டுவான். இல்லாத ஊர். அதில் தெரு, தெருவில் வீடு, வீட்டில் ஆள், ஆளுக்கு ஒரு பொல்லாப்பு என்று ஒன்று விடாமல் கட்டிவிடுவான். போனில் கதை கேட்கிற ஜனங்களுக்குத் தினம் ஒரு அத்தியாயம் போடுகிற கம்பெனியில் அதுதான் அவன் உத்தியோகம். டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் ஒலிப்பதிவு. இன்னொன்றில் அண்ணனும் வேறு இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுவார்கள். கீழே டயருக்குக் காற்று அடிக்கும்போது மேலே பதிவை நிறுத்திவிடுவார்கள். கதாநாயகி பாதி அழுகையில் காத்துக்கொண்டிருப்பாள்.

அவன் கட்டிய ஊர் நல்ல ஊர். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். பெரிய ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர் அது. அங்கே எல்லாமே தண்ணீர்தான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் "உன் முறை வந்துதா?" என்று விசாரித்துக்கொள்வார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் ஒரு வாரம் ஈரத் துணியோடுதான் நடமாட வேண்டும். கல்யாணப் பேச்சைக் கரையில் நின்று பேசக் கூடாது, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித்தான் பேச வேண்டும். கால் விறைத்துப்போகும் என்பதால் யாரும் வளவளவென்று பேரம் பேச மாட்டார்கள். இதை முதலில் கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஊரில் எந்த வீட்டுக் கதவு உள்பக்கம் திறக்கும், எது வெளிப்பக்கம் திறக்கும் என்பது வரை அவனுக்கு அத்துப்படி. எங்கள் வீட்டில் மின்விசிறி சுவிட்ச் எது என்று இன்றைக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பான்.

ஊர்தான் கற்பனை. ஆட்கள் எங்கள் வீட்டிலிருந்து போனார்கள். அவன் தொழில் செய்கிற விதமே அதுதான். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவன் கை சட்டைப் பைக்குப் போகும். அங்கே ஒரு குட்டைப் பென்சிலும் நாலாக மடித்த தாளும் எப்போதும் இருக்கும். அத்தை எங்கள் வாசலில் நின்று போட்ட சண்டை, மறுவாரம் ஏரிக்கரையில் ஒரு ராணி போட்ட சண்டையாக வந்தது. ஒரு வசைகூட மாறவில்லை. அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். வீட்டு வாடகையே அந்த ஊரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

சிரிப்பு நின்றது என் கல்யாணம் நின்றபோது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் ஓர் அம்மா ஃபிரேம் தளர்ந்துவிட்டது என்று கொண்டுவந்தார். நான் திருகாணியை முறுக்கிக்கொண்டிருக்க, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"போன்ல ஒரு கதை வருதும்மா, கேக்குறியா? நிச்சயம் பண்ணி நின்னுபோன பொண்ணு. அவங்க குடுத்த வளையல் கழல மாட்டேங்குது. சோப்பு போட்டுக் கழட்டுறா, கையெல்லாம் ரத்தம். வயிறு எரியுது. அந்தப் பய ஏரியில விழுந்து சாகணும்."

சோப்புப் போட்டுக் கழற்றியது நான். குளியலறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை, அவ்வளவுதான். அந்த ஏரி ஊரில் சோப்பு உண்டா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். திருகாணி என் விரலிலிருந்து நழுவித் தரையில் எங்கோ உருண்டது. குனிந்து தேடினேன்.

"என்னைப் பாத்து எழுதினியா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அது நீ இல்ல. அது வேற பொண்ணு. அவ ஜெயிக்கப் போறா பாரு."

"அப்ப நான்?"

அவன் கட்டாத ஊரில் எந்தக் கேள்விக்கும் அவனிடம் பதில் இருந்ததில்லை.

அடுத்தது அப்பா. அப்பா குடிநீர் பம்ப் ஹவுஸில் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஏரி ஊரில் மடைக்காரர் ஆனார். மடையைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை உள்ள ஒரே கிழவர். ராணியே அவரிடம் கெஞ்சித்தான் தண்ணீர் வாங்க வேண்டும். முதலில் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "என்னடா, நான் இவ்வளவு நல்லாவா பேசுறேன்?" என்று போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு சிரிப்பார்.

கம்பெனியை நடத்துகிற மேடம் ஒருநாள் சொன்னாராம். அண்ணன் சாப்பிடும்போது பெருமையாக எங்களிடம் ஒப்பித்தான். "மேஸ்திரி, மடைக்காரர் வர்ற அன்னைக்கு யாருமே பாதியில நிறுத்துறதில்ல. அவருக்கு உடம்புக்கு ஏதாவது வரட்டும். ஆனா சட்டுனு சாகடிச்சிடாதீங்க. இழுங்க."

இழுங்க. ஒரு கிழவனின் நோயைப் பற்றி அந்தப் பெண்மணிக்கு வாயில் வந்த வார்த்தை அது. அண்ணன் அதைச் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு நிஜமாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "எப்படிப்பா இருக்கு? குத்துதா? அழுத்துதா?" பெற்ற பிள்ளை இவ்வளவு கரிசனமாகக் கேட்கிறானே என்று அப்பா உருகிப்போனார். யோசித்து யோசித்துச் சொன்னார். "நெஞ்சுக்குள்ள யாரோ வால்வைப் பாதி மூடிட்ட மாதிரி இருக்குடா. எனக்குச் சாகப் பயம் இல்ல. உன் தங்கச்சி தனியா நிப்பாளேன்னுதான் பயம்."

ஒரு காலை அப்பா சவரம் செய்துகொள்ள சலூனுக்குப் போனார். ஒரு கன்னத்தில் நுரையோடு திரும்பி வந்தார். தெரு முழுக்க அப்படியே நடந்து வந்திருக்கிறார். சலூனில் கதை ஓடிக்கொண்டிருந்ததாம். மடையைப் பாதி அடைத்த மாதிரி இருக்கிறது என்று மடைக்காரர் சொன்னாராம். சாவுக்குப் பயமில்லை, மகளுக்குத்தான் பயம் என்றாராம். கத்தியைப் பிடித்தபடியே சலூன்காரர், "கிழவன் என்னமா பேசுறான் பாருங்க" என்று ரசித்தாராம். அப்பா எழுந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். வாங்கி நுரையைத் துடைத்துக்கொண்டார்.

அன்றோடு அண்ணன் முன்னால் அப்பா வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். "எப்படி இருக்குப்பா?" என்றால் ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். அவன் வெளியே போன பிறகு என்னைக் கூப்பிடுவார்.

"அவன் போயிட்டானா?"

"போயிட்டான்பா."

"இடது கை மரத்துப்போகுதும்மா. அவன்கிட்ட சொல்லாத."

சொந்த வீட்டில், பெற்ற மகனுக்குப் பயந்து, ஒரு மனுஷன் தன் வலியைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைத்தார். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இருதயம் என்றார்கள். மாத்திரைகள் என் கைப்பையில் இருந்தன. கடைக்குப் புறப்படும் முன்பும் கடையிலிருந்து வந்த பிறகும் கொடுப்பேன்.

சரக்கு வரத்து நின்றுபோனதும் அண்ணன் தானே தயாரிக்க ஆரம்பித்தான். மடைக்காரருக்கு வயிற்றில் கோளாறு என்று வைத்தான். சாப்பிட்டால் எரியும், முதுகு வரை போகும், பால் குடித்தால் அடங்கும். ஏன் வயிறு என்றால், மடைக்காரராகப் பேசுகிற நடிகருக்கு வயிற்றுவலி முனகல் பிரமாதமாக வருமாம். கிழவர் முனகினார், ஜனங்கள் அழுதார்கள், மேடம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குள் அப்பா சத்தமே இல்லாமல் இடது கையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு மத்தியானம் அப்பா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். நான் கடையில் இருந்தேன், அண்ணன் வீட்டில் இருந்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியிருக்கிறான். வழியிலேயே எனக்கும் போன் செய்தான். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு என்ன உபாதை என்று டாக்டர் அண்ணனிடம் கேட்டிருக்கிறார்.

அவன் தயங்கவே இல்லையாம். ஒரு மாதமாகச் சாப்பிட்டால் எரிச்சல், முதுகு வரை போகும், பால் குடித்தால் அடங்கும் என்று தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லியிருக்கிறான். நெஞ்சுவலி உண்டா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறான். பொய்யென்று அவனுக்கே தெரிந்திருந்தால் நாக்கு எங்காவது குழறியிருக்கும். குழறவில்லை. அவ்வளவு கோர்வையாகப் பேசுகிறவனை எந்த டாக்டர் சந்தேகப்படுவார்?

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு வயிற்றுக்கான ஊசி போட்டு, வயிற்றை ஸ்கேன் எடுக்க வரிசையில் படுக்க வைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து டாக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். இருதயத்தில் ஒரு பகுதி போனது போனதுதான், இன்னும் முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார், "உங்க அண்ணன் அப்பாகூட ஒரே வீட்டுலதான இருக்கார்?"

அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நான் பொய் சொல்லல. பால் குடிச்சா அடங்குதுன்னு அப்பா சொன்னது என் காதுலயே இருந்துச்சு."

"அதச் சொன்னது மடைக்காரர்."

குழந்தை மாதிரி விசும்பி அழுதான். அப்போது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. "இனிமே அப்பா கதையில வரமாட்டார். சத்தியம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நம்பினேன்.

அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். அண்ணன் தினமும் வந்தான். அவன் வந்தாலே அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவன் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெந்நீர் பிடித்து வைத்துவிட்டுப் போவான். நானும் சமாதானம் பேசப் போகவில்லை. அது அவர்கள் இரண்டு பேரும் முடிக்க வேண்டிய விஷயம்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவருடைய மனைவிக்குப் போனில் கதை கேட்கிற பழக்கம். ஒரு சாயங்காலம் சத்தமாக வைத்தார். மடைக்காரர் படுக்கையில் கிடக்கிறார். மகன் வைத்தியரிடம் நோயைத் தப்பாகச் சொல்லிவிட்டான். மகன் வரும்போதெல்லாம் கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். மகன் காலில் விழுந்து கதறுகிறான். கிழவர் மெல்லத் திரும்புகிறார். மகன் தலையைத் தடவுகிறார். அந்த நடிகரின் குரல் தழுதழுத்தது.

"அழாதடா. உன் மேல தப்பே இல்ல. ஒரு மடையில கெடந்த என்னை ஊர் ஊராக் கூட்டிட்டுப் போனவன் நீ. உனக்கில்லாத என் வலி யாருக்குடா?"

பக்கத்துக் கட்டில் அம்மா மூக்கை உறிஞ்சினார். "இப்படி ஒரு அப்பன் கெடைக்கணும்" என்றார்.

அப்பா கொடுக்காத மன்னிப்பை அவனே எழுதி, ஆள் வைத்துப் பேசவிட்டு, தானே வாங்கிக்கொண்டுவிட்டான். அதற்கு ஊரெல்லாம் அழுகை வேறு. அப்பாவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கண்ணைத் திறந்துகொண்டு மேலே பார்த்தபடி கிடந்தார்.

சரியாக அப்போதுதான் அண்ணன் வெந்நீர் பிளாஸ்கோடு உள்ளே வந்தான். போனில் ஓடுவது என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டான். அப்பா இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தார். பாதிச் சவரத்தோடு வந்த அந்தக் காலைக்குப் பிறகு அவனிடம் முதல் தடவையாகப் பேசினார்.

"நான் அப்படிச் சொல்லல."

"அப்பா..."

"நான் அப்படிச் சொல்லலடா. சொல்லவும் மாட்டேன்."

அண்ணனின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பிளாஸ்க்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். வலது கை, அவனுக்கே தெரியாமல், சட்டைப் பைக்குப் போனது.

நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.