சைக்கிள் கடையில் வைத்த பயணம்

எல்லை மாறியது 1960 ஏப்ரல் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. திருத்தணி மதராஸ் மாநிலத்துக்குப் போனது. சத்தியவேடு எங்கள் சித்தூர் மாவட்டத்துக்கு வந்தது. ஊரில் சிலருக்கு வருத்தம், சிலருக்கு வெற்றி. சித்தூர் டவுனில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு அது ஒரு புது ரோடு. விவசாயக் கிணறுகளுக்கு ஆயில் எஞ்சின் விற்று, பழுதும் பார்த்துத் தருகிற கம்பெனி. அதுவரை மதராஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த சத்தியவேட்டுக்காரர்கள் இனி நம்மிடம்தான் வரவேண்டும் என்று முதலாளி சந்தோஷமாகச் சொன்னார்.

ஆந்திர மாநிலம் பிறந்த 1953லேயே நான் அங்கே ரைட்டர். எழுத்து வேலையோடு இன்னொரு பொறுப்பும் என்னிடம் இருந்தது. எஞ்சின் பழுது பார்க்கப் போகும் ஃபிட்டர்கள் ஜீப்பைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போவார்கள். எந்த ஊருக்கு எப்போது கிளம்புவது, எந்த வழி, எங்கே சாப்பாடு, எங்கே தூக்கம் என்று தீர்மானிப்பது நான். ஃபிட்டர்கள் இரண்டு பேர். ஒருவர் நகரிக்காரர், தறி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தறிச் சத்தத்தைவிட எஞ்சின் சத்தம் பிடித்துப்போய் வந்தவர். இன்னொருவர் பலமனேர்க்காரர், தெலுங்கர். இருவரும் இரண்டு மொழியையும் கலந்து பேசுவார்கள், கலந்தே சண்டையும் போடுவார்கள்.

கிழக்குப் பக்கம் போகிறவர்கள் களைத்துப்போகக் கூடாது என்று திருப்பதியில் ஓர் இரவு தங்கல் போட்டிருந்தேன். காகிதத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. பங்குனியில் ஒரு தடவை நகரிக்காரர் தனியாகப் போனவர், படுக்க வேண்டிய நேரத்தில் அலிபிரியிலிருந்து மலையேறிவிட்டார். சாமி பார்த்து, மொட்டையும் போட்டுக்கொண்டு, விடியும்போது இறங்கி வந்து நேராக ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். ரேணிகுண்டா தாண்டிக் கண்ணை மூடிவிட்டார். ஜீப் வாய்க்காலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

"ஏன் ஏறினீங்க?" என்று கேட்டேன்.

"அவ்ளோ கிட்ட போய்ட்டு எட்டிப் பாக்காம வந்தா, சொந்தக்காரனே கோச்சுக்குவான். பெருமாள் கோச்சுக்க மாட்டாரா?"

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு வாட்டி தூக்கக் கலக்கத்தோட வண்டியைத் தொட்டா, அப்புறம் ரோடே கிடையாது. ஷெட்டுக்குள்ளதான் வேலை" என்று சொல்லிவிட்டார். நகரிக்காரரின் மொட்டைத் தலையில் முடி முளைக்கும்வரை அதை ஒருவர் மாற்றி ஒருவர் அவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தோம்.

அவர் மனைவி ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர், என் மேஜைப் பக்கம் நின்றார்.

"அண்ணா, இவர ஷெட்டுல மட்டும் போட வுட்டுடாதீங்க."

"ஷெட்டில் இருந்தால் உங்களுக்கும் நிம்மதிதானேம்மா?"

"எங்கண்ணா நிம்மதி? ரோட்டுக்குப் போகாத நாள்ல சோறு துன்ன மாட்றாரு. கட்டில்ல ஒக்காந்துக்கினு வாயாலயே கியர் மாத்தறாரு. புள்ளைங்க பின்னால ஒக்காந்துக்கினு ஆரன் அடிக்குதுங்க. ரோடும் இருக்கணும், உருப்படியாத் திரும்பியும் வரணும். ரெண்டுக்கும் சேர்த்து ஏதாவது பண்ணுங்க."

இரண்டுக்கும் சேர்த்து என்பதுதான் என் வேலை என்று அவர் சொன்ன பிறகே எனக்குத் தெளிவாக விளங்கியது.

வைகாசியில் சத்தியவேட்டிலிருந்து முதல் அழைப்பு வந்தது. ஒரு கரும்புத் தோட்டத்தில் எஞ்சின் நின்றுபோயிருந்தது. திங்கட்கிழமை இருவரும் போவதாக முடிவு செய்தோம். திருப்பதி டெப்போவில் உதிரிப் பொருள் எடுத்துக்கொண்டு, புத்தூர், நாராயணவனம் வழியாகப் போக வேண்டும். விடிந்த பிறகே வண்டி நகர வேண்டும், உச்சி வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று நான் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு பஞ்சாங்கம் வெளியே வந்தது.

நகரிக்காரர் ராகுகாலத்தில் வாசல் தாண்ட மாட்டார். திங்கட்கிழமை அது ஏழரையிலிருந்து ஒன்பது. பலமனேர்க்காரருக்கு ராகுகாலம் பெரிதில்லை; அவருக்கு வர்ஜ்யம் ஆகாது. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் பார்க்கும் அந்த ஆகாத நேரம், அன்றைக்கென்று விடிந்ததும் தொடங்கி ஏழரையில் முடிந்தது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். ஒன்பதுக்கு மேல் கிளம்பினால் வெயில் மண்டையைப் பிளக்கும்.

"அப்போ நாலு மணிக்கே எடுத்துடுவோம். ரெண்டும் தொடங்கறதுக்கு முன்னாடி" என்றார் நகரிக்காரர்.

"நாலு மணிக்கு எடுக்க எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க?" என்றேன்.

"எதுக்குத் தூங்கணும்?"

"அப்படித் தூங்காமப் போய்த்தானே மொட்டையோட வாய்க்கால்ல நின்ன" என்றார் பலமனேர்க்காரர்.

"நீ வர்ஜ்யத்த வுட்டுக் குடேன், ஆறு மணிக்குப் போலாம்."

"வர்ஜ்யத்துல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்பா. காவாலண்டே, வேணும்னா நீ ஒருத்தனே போ!"

எனக்கு நாள், நட்சத்திரங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பழைய புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் உண்டு. தேதிகளைத் துரத்துகிறவன் பஞ்சாங்கத்தைத் தவிர்க்க முடியாது. பரஸ்தானம் என்ற வழக்கத்தை அவர்களுக்கு நினைவுபடுத்தினேன். குறித்த நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்கு உரிய பொருள் ஒன்றைப் போகும் திசையில் வேறொருவர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது போனாலும் தோஷமில்லை. இருவர் வீட்டிலும் அதைச் செய்தவர்கள் உண்டு. இருவரும் யோசித்தார்கள்; ஒத்துக்கொண்டார்கள். நானே பெரிய ராஜதந்திரி ஆகிவிட்டதுபோல எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பொதுவான ஒரு நல்ல நேரத்தில், திருப்பதி ரோட்டிலிருந்த தெரிந்த சைக்கிள் கடையில் நகரிக்காரர் தம் ஸ்பேனர் பெட்டியை வைத்தார். அவர் பெட்டி தமக்குச் செல்லாது என்று பலமனேர்க்காரர் ஜீப்பின் ஸ்டெப்னி சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் சாய்த்தார். இருவரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஜீப்போடு போய் நின்றால், சைக்கிள் கடை பூட்டியிருந்தது. டீக்கடைகள் எல்லாம் திறந்திருந்தன. சைக்கிள் கடைக்காரர் எட்டு மணிக்கு முன்னால் வரமாட்டார் என்பதை மூன்று பேரில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை. வீடும் எங்கோ கிராமத்தில்.

"ஸ்டெப்னி இல்லாமலே போலாம். ஸ்பேனர் அங்க யார்கிட்டயாவது வாங்கிக்கலாம்" என்றார் பலமனேர்க்காரர்.

நகரிக்காரர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய்க்காலில் சாய்ந்த ஜீப் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "வாணாம்பா. நடுவுல பஞ்சர் ஆனா என்ன பண்ணுவ? நான் செத்த கண்ண மூடறேன். கடை தொறந்தா எழுப்பு" என்று பின் சீட்டில் காலை நீட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி அந்தப் பக்கம் நடந்து வந்தார். ரோட்டோரம் ஜீப்; உள்ளே நகரிக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முதலாளியின் முகம் போன போக்கில் ஷெட்டுக் கதவு மூடும் சத்தமே எனக்குக் கேட்டது.

"ஏம் ரைட்டரே, கிளம்பலையா இன்னும்?"

"நேற்றே கிளம்பிவிட்டார்கள், ஐயா."

"வண்டி இங்கதானே நிக்குது?"

"பயணம் கடைக்குள்ளே இருக்கிறது" என்று பூட்டைக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"இவன் தூங்கறானே?"

"நிற்கிற வண்டியில் தூங்குகிறார், ஐயா. ஓடுகிற வண்டியில் தூங்காமல் இருக்க. ஸ்டெப்னி இல்லாமல் போகமாட்டேன் என்று சொன்னதும் அவர்தான்."

முதலாளி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பலமனேர்க்காரரிடம், "எழுப்பாதே. கடைக்காரன் வரட்டும்" என்றார். நாலடி போனவர் திரும்பி வந்து, "அடுத்த தடவை என் வீட்ல வையுங்க. என் சம்சாரம் சேவல் கூவறதுக்கு முன்னாடி வாசல் திறந்துடுவா" என்றார். அவர் வீடும் அதே ரோட்டில்தான் இருந்தது.

எட்டேகால் மணிக்கு, ராகுகாலத்தில், பெட்டியும் சக்கரமும் ஜீப்பில் ஏறின. பரஸ்தானம் முடிந்ததால் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. தாமதமானதால் திருப்பதியிலேயே வெயில் தாழ இருந்து போகச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் கரும்புத் தோட்டக்காரர் கொடுத்த ஒரு கட்டுக் கரும்போடு திரும்பி வந்தார்கள். ஷெட்டுப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆனியில் பலமனேரில் ஒரு வேலை வந்தபோது, சாவியை முதலாளியே நகரிக்காரரிடம் நீட்டினார். நானும் கூடப் போனேன். மொகிலி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் அவர் ஜீப்பை ஓரங்கட்டினார்.

"என்ன?" என்றேன்.

"கண்ணு லேசா சொருவுது, ரைட்டரே. செத்த படுத்துட்டு ஏறலாம்."

சொல்லிவிட்டு, துண்டை விரித்துப் புளியமரத்தடியில் படுத்தார். எதிரே காய்கறி ஏற்றிய லாரிகள் மலையிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. பலமனேரில் எங்களுக்காகக் காத்திருப்பவரிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. பையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.