அண்ணன் செய்த ஒரே சத்தியம்

எங்கள் அண்ணன் மறைந்து இம்மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவரை நன்கு அறிந்தவர்களுக்கும், தவறாக அறிந்தவர்களுக்கும் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் போளூரில், தாய்மாமன் வீட்டில் பிறந்தார். தந்தை சீக்கிரமே இறந்ததால் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஆரணியில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்து மணமுடித்ததும் அவரே. எங்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். தாம் வெளியே நிற்பார். கடவுள் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நல்லது கெட்டத யோசிக்கிற புத்திய குடுத்திருக்காரு. அதுக்கு மேல அவர இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்பார்.

ஒருநாள் பட்டறையில் கொதிக்கும் சாயக் கொப்பரை சரிந்து, உடன் வேலை செய்த ஏழுமலை வெந்துபோனார். மூன்றாம் நாள் இறந்தார். அடுப்பு விரிசல் விட்டிருப்பதை அண்ணன் முன்பே பலமுறை முதலாளியிடம் சொல்லியிருந்தார். முதலாளியோ, ஏழுமலை குடித்துவிட்டு விழுந்தார் என்றார். அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, தொழிலாளர்கள் மூவர் அதையே சத்தியம் செய்தார்கள். அண்ணன் மறுத்துவிட்டு, ஏழுமலை குடிக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த மூவரில் என் கணவரும் ஒருவர்.

"செத்தவன் எழுந்து வரப்போறதில்ல, மச்சான். நம்ம பொழப்பு ஓடணும்" என்று என் கணவர் கெஞ்சினார்.

"சாமிக்குப் பயந்து நெஜம் பேசறவன்கூடப் பரவால்ல, மாப்ள. நீங்க சாமிய வச்சிகினே பொய் சொல்றீங்களே" என்றார் அண்ணன்.

வேலை போயிற்று. சேவூர்ப் பக்கம் மூட்டை தூக்கப் போனார்.

சில மாதங்கள் கழித்து ஏழுமலையின் மனைவி வந்தார். "என் பசங்கள குடிகாரன் புள்ளைங்கன்னு சொல்றாங்கண்ணா. நீங்க கற்பூரம் கொளுத்திச் சொன்னா ஊரு நம்பும்."

"நெஜத்துக்குக் கற்பூரம் எதுக்கும்மா?"

"உங்களுக்கு வேணாண்ணா. எனக்கு வேணும்."

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் கோயிலுக்குள் போனார். ஏழுமலை குடித்திருக்கவில்லை என்று சத்தியம் செய்தார். கூட்டத்தில் ஒருவர், "சாமி கும்புடாதவன் சத்தியம் செல்லாது" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"வெறும் வாயால சொன்னப்ப நாலு பேராவது யோசிச்சாங்க. இப்ப அதுவும் போச்சு" என்று அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. நுரையீரல் கெட்டுப் படுத்தபோது, பொய்ச் சத்தியம் வாங்கிய பலி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. "அந்த மூணு பேரும் நல்லாத்தான இருக்காங்க. இருக்கட்டும். சீக்குக்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமில்ல" என்றார். மூச்சுவிட முடியாமல் பதினோரு நாள் கிடந்து இறந்தார்.

மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டுக்காரருக்கும், கடைசி நாள்வரை கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய ஏழுமலையின் மனைவிக்கும், வர மனமில்லாமலும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்தபடியே கேட்டார். "என் பேரையும் போட்டுடு" என்றார். பெயர் வேண்டாம், உறவு போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏழுமலை அன்று குடித்திருக்கவில்லை.