ஏழாவது பூச்சு

உப்புத்தாள் தேய்த்த வண்டியின் பின்கதவை, பிழிந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் டிரைவரின் மனைவி. தூசி போகத் துடைத்துக் கொடுப்பது அவள் பாடு. வார்னிஷ் அடிப்பது அவர் பாடு. ஆறு வருஷமாக இப்படித்தான்.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூடிப்போன ஓட்டலின் கொல்லையில் கோழி அடைந்து கிடந்த ஸ்டேஷன் வேகனை அவளுக்காகத்தான் வாங்கினார். பக்கமெல்லாம் மரப்பலகை வைத்த அந்த வண்டியை ஒரு காலத்தில் ஓட்டல் முதலாளிக்கு ஓட்டியவர் அவளுடைய அப்பா. சின்ன வயதில் ஒரே ஒரு நாள், அவளையும் அக்காவையும் பின்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்.

செல்லரித்த சட்டங்களை டிரைவர் தானே மாற்றினார். எஞ்சின் ஓடத் தொடங்கி நாலு மாதமாகிறது. இரண்டு மணி நேரத் தூரத்தில் தன் மகன் வீட்டில் இருந்த அக்காவுக்கு உடம்பு தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பின்சீட்டில் தங்கையோடு இன்னொரு தரம் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. வண்டிக்குச் செய்கிற அலங்காரத்தில் பாதி தனக்குச் செய்திருந்தால் இன்னொரு கல்யாணமே நடந்திருக்கும் என்று போனில் சிரித்தாள்.

இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள் மனைவி. அவர் மசியவில்லை. கல்யாணப் பேச்சு எழுந்தபோது, "பஸ் டிரைவரா?" என்று அக்கா உதட்டைப் பிதுக்கியதை அவர் மறக்கவில்லை. குறை சொல்ல ஓர் இடம்கூட விடக் கூடாது.

"இன்னும் ஒரு பூச்சு. ஒரு வாரம் காயட்டும்."

"அவ உட்காரத்தான் கேக்குறா. கதவை நக்கிப் பாக்கவா போறா?"

அவர் சிரித்துக்கொண்டே ஏழாவது பூச்சை அடித்தார். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கதவு பிசுபிசுத்தபடியே இருந்தது. பதினோராம் நாள் காலை அக்கா மகன் போன் செய்தான்.

வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்டார். அவள் அதற்குள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டாள். அவரை அடையாளம் கண்டுகொண்ட கண்டக்டர், "என்னண்ணே, குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க?" என்று உற்சாகமாகக் கேட்டான். அவர் ஊர்ப் பெயரைச் சொல்லி இரண்டு டிக்கெட் கேட்டார்.

கடைசி வாரம் முழுக்க அம்மா, வெளியே போகும்போது போடும் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாள் என்றான் அக்கா மகன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

மழை விட்ட மறுவாரம் கதவு காய்ந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அறையில் அவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தபோது, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவர் வந்தார்.

"காஞ்சிருச்சு. உங்கப்பா கூட்டிட்டுப் போன தெருவெல்லாம் ஒரு சுத்து போயிட்டு வரலாம். பின்சீட்டுல உட்காந்துக்க. வர்றியா?"

அவள் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"நான் வேணும்னு செய்யல."

அவள் அந்த உறையையும் மடித்து அடுக்கினாள்.  அவர் அறையைவிட்டு வெளியே போனார்.