ஆட்டு இதயமும் வெள்ளை நோட்டும்

நாளிதழில் பொட்டலம் கட்டிய ஓர் ஆட்டு இதயத்தை உயிரியல் டீச்சர் மேசைமேல் பிரித்து வைத்த காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பாசாரில் பாய் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்தாராம். நாலாம் பாரத்துப் பெண்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். மேல்பாகத்தை வெட்டித் திறந்து, என் விரலைப் பிடித்து உள்ளே விட்டார். மெல்லிய சவ்வு ஒன்று வழிவிட்டது. கீழிருந்து தள்ளினால் மறித்தது. "ரத்தம் போலாம், திரும்பி வரக்கூடாது. வாசல்ல செக்யூரிட்டி கார்டு நிக்கிற மாதிரிலா," என்று எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாயில் நடந்த பாடங்களைப் புரியாமலே பார்த்தெழுதிய எனக்கு அன்றுதான் ஒரு பாடம் முழுசாகப் புரிந்தது.

அப்பா பாடாங் மேஹா பக்கம் செம்பனைக் குலை வெட்டியவர். மலாய் வாசிக்கத் தெரியாது. தோட்டத்து அப்பாக்கள் எல்லாருக்கும் அப்போது ஒரே அளவுகோல்தான். ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டுவார்கள். பக்கம் நிறைந்திருந்தால் பிள்ளை படிக்கிறது. பழைய ஆசிரியர் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டதால் என் நோட்டும் நிறைந்திருந்தது. இந்த டீச்சர் வந்தபின் வெள்ளையாகிவிட்டது. ஆட்டு இதயச் சேதியும் அப்பா காதுக்கு எட்டியிருந்தது.

"பள்ளிக்கூடம் போறியா, பாசாருக்குப் போறியா?"

"இதயத்த நேராவே பாத்தோம்பா. நல்லா புரிஞ்சிருச்சு."

"புரிஞ்சத எழுதிக் காட்டு, பாப்போம்."

பேனாவை எடுத்தேன். விரலுக்குத் தெரிந்தது மலாயில் வரவில்லை.

அப்பாவும் இன்னும் சில தகப்பன்மார்களும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மரியாதையாகத்தான் தலைமையாசிரியரிடம் முறையிடப் போனார்கள். அடுத்த வாரமே டீச்சர் கையில் சாக்பீஸ். "அப்பா மேல கோவப்படாதம்மா. அவரு நோட்டத்தான் பாக்க முடியும். நான்தான் அத மறந்துட்டேன்," என்றார். மறுபடியும் பார்த்தெழுதினோம். ஆண்டிறுதிப் பரீட்சையில் இதயப் படக் கேள்வி ஒன்றுக்கு மட்டும் எனக்கு முழு மார்க்கு, மற்றதெல்லாம் சிவப்பு. அத்தோடு பள்ளியை விட்டேன். விரலால் படித்ததை எழுதவும் பழக்கியிருந்தால் தேறியிருப்பேனோ என்னவோ. இதை யாரிடம் கேட்பது?

இன்று எனக்கு லூனாஸ் பக்கம் தொழிற்சாலை வேலை. மகள் நாலாம் பாரம். அவள் நோட்டு நிறைந்திருக்கிறது. அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். போன ஞாயிறு ஓர் ஆட்டு இதயம் வாங்கி வந்து, சமையல்கட்டில் வெட்டித் திறந்தேன்.

"ஐயோம்மா, கெலிலா!" என்று அருவருத்து முகத்தைச் சுளித்தாள். "நோட்ஸ்ல எல்லாமே இருக்கும்மா."

"இருக்கட்டும். கைய குடு."

அவள் விரலைப் பிடித்து உள்ளே விட்டேன். சவ்வு வழிவிட்டது. டீச்சர் சொன்ன வாசல் நினைவிருந்தது. அதன் பெயர் மறந்துபோயிருந்தது.

"இதுக்குப் பேரு என்னடி?"

கூரையைப் பார்த்துக்கொண்டே மலாயில் பெயரைச் சொன்னாள். அதோடு நிற்கவில்லை, பத்தி முழுவதையும் ஒப்பிக்கத் தொடங்கினாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. பரீட்சையில் அதைத்தானே கேட்பார்கள். ஆனால் அவள் விரலை மட்டும் வெளியே எடுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.