வறுத்த மாவில் ஒரு மலை

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து அப்பார்ட்மென்டில் குகன் அண்ணை இருந்தார். பிறம்ரனிலிருந்து நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவருக்கு ட்ரக் ஓட்டுபவர். வழியில் வரும் றொக்கி மலைகளை அவர் வர்ணிக்கும்போது என் மகள் வாயைப் பிளந்து கேட்பாள். பக்கத்து ஊரான பிக்கரிங்கைத் தாண்டாத எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவருடைய மகளுக்கும் என் மகளுக்கும் வகுப்பில் ஒரே வேலை கொடுத்தார்கள். மாவும் உப்பும் குழைத்து, மேடு பள்ளம் தெரியக் கனடாவின் வரைபடம் செய்ய வேண்டும். அவர் வீட்டில் எட்டிப் பார்த்தேன். மலை நிஜம்போலவே நின்றது. அதைவிட இரண்டு மடங்கு உயர்த்திவிடும் ஆத்திரத்தில், எங்கள் இடியப்ப மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துக் குவித்தேன். அது வறுத்த அரிசி மா. காயக் காய வெடித்து, மலை முழுவதும் அடிவாரத்து அல்பேர்ட்டாவின் சமவெளியில் சரிந்தது.

மகள் அழுத சத்தத்தில் குகன் அண்ணை வந்துவிட்டார்.

"வறுத்த மா ஒட்டாது தம்பி. கோதுமை மாவெல்லோ வேணும்."

"வீட்டில இல்லை அண்ணை."

"என்னட்டையும் முடிஞ்சுது. கொஞ்சம் பொறும், வாறன்."

திரும்பி வந்தவர் கையில் குழைத்த மா இருந்தது. எங்கள் மலையை அவரே எழுப்பித் தந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில்தான் கவனித்தேன். இரண்டு வரைபடங்களிலும் மலை ஒரே உயரம். அவர்களுடையது நான் முதலில் பார்த்ததைவிடக் குட்டையாகியிருந்தது; அதன் உச்சியில் கத்தி வெட்டிய தடம்.

அவர் பார்த்த மலைகள்மேல் இருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. அவருடைய மனசின்மேல் வந்த பொறாமைதான் இன்னும் போகவில்லை. அவருடைய இடத்தில் நானென்றால், கதவைக்கூடத் தட்டியிருக்க மாட்டேன்.