கரப்பான் வந்த கையும் காலைப் பின்னலும்

எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கம்பெனி பஸ் வருவதற்கு முன் எல்லோரும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிவிடுவோம். லைனில் தொப்பிக்கு வெளியே ஒரு முடி தெரிந்தாலும் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். என் பின்னல் இறுக்கமாக இருக்கும் என்பதால் எனக்கு முன்னால் உட்காரப் போட்டியே நடக்கும். அப்படி ஒரு காலையில், ரூம்மேட் சுமதி சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்க்கா, நானே பின்னிக்கிறேன். கையில இன்னாக்கா அது? எனக்கும் ஒட்டிக்கினா?"

விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. ஒரகடத்தில் சர்க்யூட் போர்டு கம்பெனி. எனக்கு க்ளீனிங் ஸ்டேஷன். நாள் முழுக்க ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொண்டு கெமிக்கலால் போர்டு துடைக்கும் வேலை. அழுக்குதான் காரணம் என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். என்ன புத்திசாலித்தனம்! மெடிக்கல் ஷாப்பில் நானாக வாங்கிய ட்யூப் மருந்து முதலில் அடக்கியது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

அதற்குள் படிக்கட்டில் எனக்கு முன்னால் இருந்த இடம் காலி. பஸ்ஸிலும் பக்கத்து சீட்டில் என் பைதான் உட்கார்ந்து வந்தது. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரி தோல் டாக்டர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எக்சிமாம்மா. கரப்பான்னு சொல்வாங்க. யாருக்கும் ஒட்டாது. கெமிக்கலும் கிளவுஸ் வேர்வையும் உங்க தோலுக்கு ஆகல. சும்மா சும்மா சோப்பு போடாதீங்க. கை கழுவுனதும் ஈரம் காயறதுக்குள்ள கிரீம் தடவுங்க. உள்ள காட்டன் கிளவுஸ் போடுங்க. முடிஞ்சா வேலைய மாத்திக் கேளுங்க. திரும்பத் திரும்ப வரும்; கட்டுக்குள்ள வெச்சிக்கலாம்."

டாக்டர் சீட்டைப் பார்த்த சூப்பர்வைசர், "இன்ஸ்பெக்ஷன்ல போடறேன். லென்ஸ் முன்னாடி தனியா உக்காரணும், பரவால்லையா?" என்றார். ஏற்கெனவே தனியாகத்தானே இருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கை மெல்ல ஆறியது. ஆனாலும் யாரும் வரவில்லை. நானாகப் போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை. ஒருநாள் காலை படிக்கட்டில், பொறுக்க முடியாமல் சுமதியிடம் வாய் திறந்தேன்.

"இது ஒட்டாதுடி. டாக்டரே சொல்லிட்டாரு."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாக்கா? நீ கைய மறைச்சிகினு திரிஞ்சா நாங்க இன்னான்னு நெனைக்கறது?"

திட்டிக்கொண்டே எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து சீப்பை நீட்டினாள்.

இப்போது நான் லைன் லீடர். பனிக்காலத்தில் இன்றும் விரல் வெடிக்கும். கிரீம் தடவுவேன், கையை மறைப்பதில்லை. வெடித்திருக்கிறது என்று நானே சொல்லிவிடுவேன். அந்த நாட்களில் என் தலையை சுமதி பின்னிவிடுகிறாள்.