ஒற்றை விரலில் பேசியவர்

தொண்ணூறுகளில் கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, கீழ்வீட்டு வங்காளிப் பெரியவருக்குப் பக்கவாதத்தில் பேச்சும் வலக்கையும் போயிருந்தன. தையல் மெஷின் பெட்டி போலக் கனமான பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. இடக்கையின் ஒற்றை விரலால் அதைத் தட்டித்தான் அவர் பேசினார். வங்காளத்தை ஆங்கில எழுத்தில் அடிப்பார். சின்னப் பச்சைத் திரையில் ஒவ்வொரு எழுத்தாக வரும். கோபம் வந்தால் எல்லாம் பெரிய எழுத்து.

“அரே பாபா, கத்தாதீங்க! காது கேக்குது,” என்பார் அவர் மனைவி. நான் அந்த அம்மாவை பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன். பௌதி அப்படிச் சொன்னதும் பெரியவரின் தோள் குலுங்கும். அதுதான் அவர் சிரிப்பு.

என் கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. விடைபெறப் போனேன். பௌதி டீ போட உள்ளே போனதும் அவர் அவசரமாகத் தட்டினார். விரல் இரண்டு முறை தவறியது.

‘நான் விழுந்த நாளிலிருந்து அவள் பாடுவதில்லை. நீ கேள்.’

நான் படித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

டீயோடு வந்த பௌதியிடம் எனக்குத் தெரிந்த வங்காளத்தில் பாடச் சொல்லிக் கேட்டேன்.

“எனக்கெங்கேம்மா இப்ப தொண்டை இருக்கு?”

“ஊருக்குப் போறேன் பௌதி. ஒரே ஒரு பாட்டு.”

டீத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பாடினார். முதலில் கம்மிய குரல் மெல்லத் தெளிந்தது. பெரியவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இதை அவரே மனைவியிடம் தட்டிக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.